நெல்லுக்கு ஒதுங்கித் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தது

எனக்கு அஞ்சாம் வகுப்பு வரைதான் படிப்பு. எழுத்து கோணலாக வரும், சொல்ல வந்ததைப் பாதியில் மறந்தும் போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மகளிர் சங்கத்து மலருக்கு, போய்வந்த ஊரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் காசி, மலேசியா என்று எழுதுகிறார்கள். நான் எழுதுவது திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து தஞ்சாவூர் போனதைத்தான். பதினாறு பதினேழு மைல் இருக்கும். பாதி சைக்கிளில், பாதி காரில்.

புது ஆட்சி வந்து, குத்தகைக்குச் சாகுபடி பண்ணுகிறவர்கள் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் போட்டிருந்த சமயம். என் வீட்டுக்காரர் அதற்கு முந்தின வருஷம்தான் இறந்திருந்தார். அவர் பார்த்த ஆறு மா நிலத்தை, அதாவது ரெண்டு ஏக்கரை, நானே நட்டு நானே அறுத்தேன். பண்ணையாரோ, ஆம்பிளை போனதோடு குத்தகையும் போச்சு, நிலத்தை விடு என்றார். மனுப் போட்டோம். விசாரணைக்கு நானே நேரில் நிற்க வேண்டும், கூப்பிடும்போது இல்லையென்றால் மனு தள்ளுபடி என்று தாலுகா கச்சேரியில் சொல்லிவிட்டார்கள். நிலம் போனால் நானும் ரெண்டு பிள்ளைகளும் அதே வயலில் கூலிக்கு இறங்க வேண்டியதுதான்.

விசாரணைக்குத் தஞ்சாவூர் போக வேண்டிய அன்றைக்குக் காலை பஸ் வரவில்லை. தம்பி ராசு, "ஏறுக்கா, மிதிச்சே கொண்டுபோய் விட்டுடுறேன்" என்றான். காரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போனேன். மாசி மாதம் ஆனதால் ஆற்றில் தண்ணீர் இல்லை, வெறும் மணல். தாண்டின ஊர் ஒவ்வொன்றிலும் முகப்பில் கருப்பு சிவப்புக் கொடி ஒரு பக்கம், எதிரே அரிவாள் கொடி. டீக்கடையும் ரெண்டு, ரெண்டிலும் வேறு வேறு ஆட்கள். நான் எண்ணிக்கொண்டே வந்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

அறுவடை முடிந்த நேரம் என்பதால் ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. தார் ரோட்டில் நெல் சீக்கிரம் காயும். ஒரு வளைவு தாண்டினதும் எங்களுக்கு இடது பக்கம் நீளத்துக்கும் நெல், வலது பக்கம் வாய்க்கால். நடுவில் நாங்கள். பின்னாலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. ஹாரன் அடித்தால் சைக்கிள் இடது பக்கம் ஒதுங்க வேண்டும். ராசு ஒதுங்கவில்லை. கார்க்காரர், இவன் ஒதுங்கிவிடுவான் என்று வாய்க்கால் ஓரமாகப் புகுந்துவிட்டார். காரின் மூக்கு ஹேண்டில்பாரில் இடித்தது. நான் நெல் மேல் போய் விழுந்து, உருண்ட நெல்லோடு கொஞ்ச தூரம் வழுக்கிப் போனேன். வெறும் தாரில் விழுந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

நெல்லுக்குக் காவல் இருந்த அம்மா ஓடிவந்தது. "பார்த்து எந்திரிம்மா, காஞ்ச நெல்லு" என்றது. பிறகுதான் என் நெற்றியில் ரத்தத்தைப் பார்த்துத் தன் தலைத்துணியை அவிழ்த்துக் கட்டிவிட்டது.

காரிலிருந்து இறங்கினவர் எங்கள் பண்ணையார். அதே விசாரணைக்குத்தான் அவரும் போய்க்கொண்டிருந்தார்.

"ஏண்டா, ஹாரன் அடிச்சா ஒதுங்கத் தெரியாதா?"

"எங்கங்க ஒதுங்கறது? அந்தப் பக்கம் நெல்லுங்க" என்றான் ராசு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

பண்ணையார் டிரைவர் பக்கம் திரும்பினார். "அவன் ஒதுங்கலைன்னா நீ அந்தப் பக்கமா ஏறிப் போக வேண்டியதுதானே?"

"நெல்லு கிடக்குங்களேய்யா" என்றார் டிரைவர்.

 நெல் மேல் ஏற்று என்று சொல்லப் பண்ணையாருக்கும் நாக்கு வரவில்லை.

"என் நெல்லுக்காக எல்லாரும் சேர்ந்து முட்டிக்கிட்டீங்களாக்கும்" என்றது அந்த அம்மா, சிதறினதைக் கூட்டிக்கொண்டே.

சைக்கிள் சக்கரம் அப்பளமாக நெளிந்துவிட்டது. பண்ணையார் என்னைக் காரில் ஏறச் சொன்னார். ராசு என் காதோரம் வந்து, "ஏறாதக்கா. ஆஸ்பத்திரியில தள்ளிட்டு அவர் மட்டும் கச்சேரிக்குப் போயிடுவாரு" என்றான். எனக்கும் அதே நினைப்புதான். ஆனால் வேறு வண்டி இல்லை. ராசு நெளிந்த சைக்கிளோடு நின்றுவிட்டான், நான் ஏறினேன்.

காரில் ஏறினது அதுதான் முதல் தடவை. சீட்டில் முழுசாக உட்காராமல் நுனியில் இருந்தேன். கதவில் ஒரு கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி இறங்குகிறது. டிரைவர் சுற்றிக் காட்டினார். தலை விண்விண் என்று வலித்தாலும் வெளியே பார்க்காமல் இருக்க முடியவில்லை. கண்டியூர் தாண்டி வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று பாலம் பாலமாக வந்தது. அப்புறம் வீடுகளுக்கு மேலே பெரிய கோயில் கோபுரம்.

ஊருக்குள் வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்து, "ஆஸ்பத்திரிக்குத்தானேங்க?" என்றார்.

"கச்சேரிக்குங்க" என்றேன். வழியில் நான் பேசின முதல் வார்த்தை அதுதான்.

"ரத்தம் வழியுது உனக்கு" என்றார் பண்ணையார்.

"துணி இருக்குங்க."

பண்ணையார் டிரைவர் பக்கம் சாய்ந்து, "கச்சேரிக்கே போ. இவளை ஆஸ்பத்திரியில விட்டுட்டு நான் மட்டும் போய் நின்னா, வேணும்னே காரை ஏத்தினேம்பானுங்க" என்றார்.

அப்படிப் போய்ச் சேர்ந்ததில் இன்னொரு வினை வந்தது. நாங்கள் ஒரே காரில் வந்து இறங்கினதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். உள்ளே கூப்பிட்டதும் அதிகாரி, "ஒண்ணா வந்து இறங்குறீங்க. சமாதானம் ஆயிடுச்சா? முடிச்சிடலாமா?" என்று கேட்டார். அங்கேயே காத்திருந்த பண்ணைக் காரியஸ்தர், "ஆமாங்க, எல்லாம் பேசியாச்சுங்க" என்றார். அதிகாரி பேனாவைத் திறந்தார். பண்ணையார் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆம்பிளைகள் கூடியிருக்கிற இடத்தில் நான் வாய் திறந்தவள் இல்லை. கடைக்குப் போனாலும் பொருளைக் கையால்தான் காட்டுவேன்.  பேனா காகிதத்தில் படுகிறபோதுதான் குரல் வந்தது.

"பேசலைங்க. கார் இடிச்சிடுச்சு. அதனால ஏத்திக்கிட்டு வந்தாங்க. எனக்கு நிலம் வேணுங்க."

அதிகாரி பேனாவை எடுத்துவிட்டார். "போன சம்பா யார் அறுத்தது?" என்று பண்ணையாரைக் கேட்டார். காரியஸ்தர் முந்திக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். பண்ணையார் என் நெற்றிக் கட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"அறுத்தது இவதான். அதை நான் இல்லேங்கல. பொம்பளைக்குக் குத்தகை உண்டாங்கறதுதான் என் கேள்வி."

"உண்டு" என்றார் அதிகாரி. என் பெயரை எழுதிக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிடச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்தோம். பண்ணையார் என்னைத் தாண்டிப் போய்க் காரில் ஏறினார். வா என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் நான் ஏறியிருக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு விசாரித்து விசாரித்து நடந்தே போய்த் தையல் போட்டுக்கொண்டேன். நொண்டிக்கொண்டே பஸ் பிடித்து வந்த ராசு அங்கேதான் என்னைக் கண்டுபிடித்தான். தஞ்சாவூர்க் கடைத்தெருவில் எங்கள் ஊர் மொத்தமும் ஒரு சந்தில் அடங்கிவிடும். ஆனால் அந்த ரோட்டில் நெல் காயவில்லை. அங்கே ஹாரன் அடித்தால் எல்லாரும் சட்டென்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அது புதுசாக இருந்தது, நின்று பார்த்தேன்.

ஆறுகள் வரிசையாக எப்படி வரும், மைல் எத்தனை, இதெல்லாம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திப் போடுங்கள். கச்சேரியில் நான் சொன்னதைத் திருத்த வேண்டாம். அது அப்படியேதான்.