சானிடைசரும் சில இறையியலாளர்களும்

மூன்று வாரத்துக்கு முன்னால் நான் சானிடைசரால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். நான் மட்டும் போட்டிருந்தால் பரவாயில்லை. எனக்குப் பின்னால் நாற்பது பேர் போட்டுக்கொண்டார்கள்!

இருங்கள்... முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் கத்தோலிக்கப் பெண். என் வீட்டுக்காரர் புரொட்டஸ்டன்ட். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரே தெருவில் இரண்டு கோயில்கள்: அவருடையது பஸ் ஸ்டாப் பக்கம், என்னுடையது பால் பூத் பக்கம். நடுவில் எங்கள் வீடு. வீட்டில் என் மாமியார், அதாவது அத்தை. மகன் கல்யாணத்தன்று கூட எங்கள் கோயிலுக்குள் வராமல் வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்தவர். மற்றபடி தங்கமான மனுஷி. ஆனால் நான் ஜெபமாலையைக் கையில் எடுத்தால் போதும், அவருக்கு அடுப்படியில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

வருஷா வருஷம் ஜனவரியில் ஒரு வாரம் இரண்டு கோயில்காரர்களும் சேர்ந்து ஜெபிப்போம். முதல் ஞாயிறு மாலை எங்கள் ஆள் அங்கே போய்ப் பேச வேண்டும். அடுத்த ஞாயிறு அவர்கள் இங்கே வருவார்கள். இந்த வருஷம் எங்கள் ஃபாதருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

“நீங்கதான் காலேஜ் லைப்ரரியில இருக்கீங்களேம்மா, ஒரு பத்து நிமிஷம் பேசிடுங்க” என்றார் கரகரத்த குரலில்.

லைப்ரேரியன் எல்லாப் புத்தகத்தையும் படித்திருப்பாள் என்றால், ஸ்வீட் கடைக்காரர் எல்லா ஸ்வீட்டையும் தின்றிருக்க வேண்டாமா? அதுவும் என்ன தலைப்பு தெரியுமா? இருபதாம் நூற்றாண்டுக் கத்தோலிக்க இறையியலாளர்கள் யார் யாரிடம் என்ன கற்றார்கள்!

காலேஜ் இருக்கும் காட்டாங்குளத்தூரிலிருந்து தினமும் எலெக்ட்ரிக் டிரெயினில் தடித் தடிப் புத்தகங்களோடு வந்தேன். எதிர் சீட் காலேஜ் பெண், “ஆன்ட்டி, அரியரா?” என்று பரிதாபப்பட்டாள்.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா? படிக்கப் படிக்க எனக்குத் தலைகால் புரியவில்லை, சந்தோஷத்தில்! ஒரு ஜெர்மன் பாதிரியார், ஒரு தத்துவப் பேராசிரியரின் வகுப்பில் போய் உட்கார்ந்து, மனிதன் என்பவனே ஓயாத ஒரு கேள்விதான் என்ற எண்ணத்தோடு திரும்பி வந்திருக்கிறார். ஒரு சுவிஸ்காரர், தன் ஊரிலேயே இருந்த புரொட்டஸ்டன்ட் அறிஞரோடு சண்டையும் சிநேகமுமாக இருந்து, அவரைப் பற்றி முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே இசையமைப்பாளர் மேல் பைத்தியம் வேறு. ஒரு பிரெஞ்சுக்காரர், பிரிந்த சபைகள் சேர வேண்டும் என்று எழுதி மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசிக் காலத்தில் அதே மேலிடம் அவரைக் கார்டினல் ஆக்கியது! (பெயர்களை இங்கே எழுதவில்லை. ஒத்திகையிலேயே என் நாக்கு சுளுக்கிக்கொண்டது.)

இதையெல்லாம் அத்தை கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் கோயில்தானே, அங்கே வந்துதான் ஆக வேண்டும். ஒருமுறையாவது நான் சாமி பற்றிப் பேசும்போது அவர் எழுந்து போகாமல் இருக்க வேண்டும்... அவ்வளவுதான் வேண்டினேன்.

ஞாயிறு மாலை. புடவை, குறிப்பு, படபடப்பு. கோயில் வாசலில் நுழைந்ததும் என் கை தானாக வலது பக்கம் போனது. எங்கள் கோயிலில் அங்கேதான் தீர்த்தத் தொட்டி இருக்கும்; விரல் நனைத்துச் சிலுவை போட்டுக்கொள்வோம், இவர்களுக்கு அந்த வழக்கமே கிடையாது. இங்கே இருந்தது, கொரோனா காலத்து சானிடைசர் ஸ்டாண்டு. அமுக்கினேன். நெற்றி, மார்பு, தோள்... சிலுவை போட்டு முடித்த பிறகுதான் ஜில்லென்று உறைத்தது.

சரி, யாரும் பார்க்கவில்லை என்று திரும்பினால், பின்னால் வரவேற்புக் குழு அக்கா பட்டுப்புடவையில் நிற்கிறார். முந்தின வாரம் பாஸ்டர் ஐயா, “விருந்தாளிங்க முறையை நாமளும் மதிக்கணும்” என்று சொல்லிவைத்திருக்கிறார். அக்கா மதித்தார். பயபக்தியோடு ஒரு அமுக்கு, ஒரு சிலுவை. அவருக்குப் பின்னால் அவர் கணவர். அவருக்குப் பின்னால் பாடகர் குழு!

வாட்ச்மேன் அண்ணன் என் காதருகே வந்தார். “இன்னாக்கா இது? அது கைக்குப் போடறது. நாப்பது பேரு நெத்தில போட்டுகினாங்க. பாட்டிலே காலி!”

மைக் முன்னால் நின்றால் கோயில் முழுக்க ஆஸ்பத்திரி வாசனை. கடைசி பெஞ்சில் அத்தை. அவர் எப்போதும் சைடு வாசல் வழியாக வருகிறவர், நல்லவேளை இந்தக் கூத்தைப் பார்த்திருக்க மாட்டார். மறைத்துவிடலாமா? மனசு கேட்கவில்லை. மூன்று இறையியலாளர்களையும் முடித்துவிட்டு, போட்டு உடைத்தேன்.

“மன்னிக்கணும். வாசல்ல நான் செஞ்சது எங்க முறை இல்லை. அது சானிடைசர்.”

முதலில் சிரித்தது பாஸ்டர் ஐயாதான். பிறகு கோயிலே அதிர்ந்தது. சிரிக்காத ஒரே ஆள் கடைசி பெஞ்சில். அத்தை எழுந்து போகவில்லை. ஆனால் முகம் கல்லாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. தோசை வந்தது, சட்னி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. அவர் கோயிலிலேயே அவர் மானத்தை வாங்கிவிட்டேனோ?

அடுத்த ஞாயிறு, அவர்கள் எங்கள் கோயிலுக்கு வரும் முறை. நான் செருப்பை மாட்டும்போது அத்தை நல்ல புடவையில் வந்து நின்றார்.

“நானும் வரேன். நட.”

இருபத்திரண்டு வருஷம்! பால் பூத்தைத் தாண்டும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. வாசலில் நான் தீர்த்தத்தில் விரல் நனைத்துச் சிலுவை போட்டேன். அவரும் மெல்ல விரலை நனைத்தார். நெற்றியில் வைத்தார். ஏதோ குறைகிற மாதிரி முகத்தைச் சுளித்தார்.

“போன வாரம் வெச்சதுதான் நல்லா ஜில்லுனு இருந்துச்சு.”

வாட்ச்மேன் அண்ணே, கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். நாற்பத்தொன்று!