அணைந்து அணைந்து போன கார்

சிக்னலில் என் பழைய கார் உதறினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தொண்ணூறுகளில் அப்பாவின் காரும் இப்படித்தான், ஆக்சிலேட்டரை விட்டால் அணைந்துவிடும்.

ஒருநாள் அம்பாசமுத்திரத்தில் அம்மாவின் அப்பா இறந்துவிட்டார். மாலைக்குள் எடுத்துவிடுவார்கள். நாங்கள் மூவரும் காரில் கிளம்பினோம். பேட்டை தாண்டியதும் வண்டி நின்றது. மறுபடி கிளப்பி, என்னை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு, அப்பா எஞ்சினுக்குப் பெட்ரோல் விடும் கார்புரேட்டரின் திருகைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“அந்த ரப்பர் குழாயில காத்து சீறுத சத்தம் கேக்கு, பாருங்க” என்றாள் அம்மா.

“நீ பெரிய மெக்கானிக்கு! பேசாம இரி.”

“நீங்க திருகிட்டே இருங்க. எங்கப்பாவ எடுத்துருவாங்க.”

அம்மா இறங்கி, வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டாள். எனக்கும் போகவேண்டும். ஆனால் காலை எடுத்தால் எஞ்சின் அணையும், அப்பா அடிப்பார். மிதித்தபடியே பஸ் மறைவதைப் பார்த்தேன்.

தாத்தாவின் முகத்தை அம்மா பார்த்துவிட்டாள். அந்தக் குழாயில் இருந்த விரிசலை அப்பா கடைசியாகக் கண்டுபிடித்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்; நான் பார்க்கவில்லை. அப்பாவை அதற்காக இன்றுவரை மன்னிக்கவில்லை.