படத்தின் ஓரத்தில் மீன் தின்பவர்

எங்கள் புவியியல் வகுப்பில் எல்லாப் படங்களையும் எடுத்தவர் ஒருவர்தான். அவர் பெயர் இணையம். ஆற்றை எடுத்தது இணையம், மலையை எடுத்தது இணையம். தன் சொந்தத் தோட்டத்துக் கோழிப்பண்ணையைக்கூட 'நன்றி: இணையம்' என்று போட்டு ஒட்டியிருந்தான் ஒருவன். வாழப்பாடிப் பக்கத்திலிருந்து வரும் எங்கள் பேராசிரியை அத்தனை கட்டுரைகளையும் ஒரே கட்டாகக் கட்டித் திருப்பிக் கொடுத்தார். "இந்த இணையம் கேமராவத் தூக்கிக்கிட்டு எந்த பஸ்ல வந்து எறங்குச்சு?" என்று கேட்டார்.

பிறகு சட்டம் வந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே எடுத்தவர், இடம், நாள் மூன்றும் இருக்க வேண்டும். படத்தில் கை வைத்திருந்தால், என்ன செய்தோம் என்று எழுத வேண்டும். யார் முகமாவது தெரிந்தால் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். வகுப்பே முனகியது. எனக்கோ உற்சாகத்தில் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே டீக்கடைக்காரரிடம், காலண்டரில் இருக்கும் முருகனை யார் வரைந்தது, எந்த வருஷம் என்று விசாரித்தேன். சர்க்கரை போதுமா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

என் தலைப்பு ஜேடர்பாளையம் தடுப்பணையும் அதிலிருந்து பிரியும் வாய்க்காலும். இணையத்தை நம்பாமல் நானே ஸ்கூட்டியில் போனேன். மதகு திறந்து தண்ணீர் சீறிக்கொண்டு போனது. வெயிலில் போன் திரையே தெரியவில்லை, குத்துமதிப்பாக அமுக்கித் தள்ளினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிப் படங்களில் என் கட்டைவிரல், மீதியில் வானம். ஒன்றே ஒன்று மட்டும் பிரமாதமாக வந்திருந்தது. அதை லேப்டாப்பில் பெரிதாக்கினேன். வலது ஓரத்தில், மதகை ஒட்டி, மீன் வறுவல் கடை. கடை முன்னால் ஒருவர் கேமராப் பக்கமாகத் திரும்பி நின்றபடி ஒரு துண்டு மீனை வாய்க்குக் கொண்டுபோகிறார். என் மாமா. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

மாமா மீன் தின்றால் உலகம் கவிழ்ந்துவிடாது. ஆனால் அது புரட்டாசி சனிக்கிழமை. புரட்டாசி பிறந்தால் முட்டை விலை இறங்கிவிடுகிற ஊர் எங்களுடையது. அதிலும் மாமா வீட்டில் அந்த வருஷம் கெடுபிடி அதிகம். அவருடைய ரிக் வண்டி ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போயிருந்தது. அது நல்லபடியாகத் திரும்ப வேண்டுமென்று, மாதம் முழுக்கக் குடும்பத்தில் யாரும் கவுச்சி தொடுவதில்லை என்று அத்தை வேண்டிக்கொண்டிருந்தார். வேண்டுதல் அத்தையுடையது, காவல் மாமாவுடையது. பேக்கரியில் நான் முட்டை பப்ஸைக் கடித்த சமயம் பார்த்து வந்து, சுற்றி நின்றவர்கள் எல்லாம் தங்கள் பப்ஸைக் கீழே வைக்கும் அளவுக்குப் பேசியவர் அவர்.

நாள் போடாவிட்டால் எனக்கு மதிப்பெண் இல்லை. போட்டால் மாமாவுக்கு வீட்டில் மரியாதை இல்லை.

சம்மதக் கடிதத்தோடு அவருடைய வண்டி ஷெட்டுக்குப் போனேன். படத்தில் முதலில் மீனைத்தான் பார்த்தார். அப்புறம்தான் தன்னை. என்னை அவர் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்.

"படமெல்லாம் நல்லாத்தான் இருக்குது சாமி. தேதி எதுக்கு?"

"போட்டே ஆகணுமுங்க மாமா. மேடம் போனை வாங்கிப் பாப்பாங்க."

"உங்கத்தை வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கறா. இதைப் பாத்துப்போட்டான்னா, வடக்க ஒரு டயர் பஞ்சரானாக்கூட என்ற தலமேலதான் விடியும்."

தேதியை ஐப்பசிக்குத் தள்ளச் சொன்னார். முடியாது என்றேன். தன்னை வெட்டிவிடச் சொன்னார். அவரை வெட்டினால் மதகும் போய்விடும். கடைசியில் அவருக்கே குடும்பக் குரூப் ஞாபகம் வந்தது. கைக்குழந்தைப் படம் போடுகிறவர்கள் கண் படாமலிருக்க முகத்தின்மேல் ஏதாவது பொம்மை வைப்பார்களே, அதுபோல் தனக்கும் ஒன்று வைக்கச் சொன்னார். போனில் இருந்ததையெல்லாம் காட்டினேன். கூலிங்கிளாஸ் போட்ட சூரியன் கௌரவமாக இல்லையாம். பூனையைப் பார்த்ததும், கையில் மீன் இருக்கும்போது வேண்டவே வேண்டாம் என்றார். ரோஜாப்பூவில் வந்து நின்றோம்.

இனி முகம் இல்லை, சம்மதமும் வேண்டாம். படத்துக்குக் கீழே சுத்தமாக எழுதினேன்: 'படம்: கட்டுரையாளர். இடம்: ஜேடர்பாளையம் தடுப்பணை. நாள்: புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, முற்பகல். மாற்றம்: வலது ஓரத்தில் மீன் தின்பவரின் முகத்தில், அவரது வேண்டுகோளின்படி, ரோஜாப்பூ வைக்கப்பட்டுள்ளது.'

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். அதோடு விட்டிருக்கலாம். படத்துக்கு ஆதாரம் காட்டுவது எப்படி என்பதற்கு இதுவே மாதிரி என்று பெரிதாக அச்சடித்து, ஐப்பசியில் நடந்த துறைக் கண்காட்சியில் மாட்டிவிட்டார். பெற்றோருக்கும் அழைப்பு. அம்மா தனியாக வராமல் அத்தையையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

சுவர் முழுக்க நதிகள், பாறைகள், மழை வரைபடங்கள். அத்தை எதிலும் நிற்காமல் நேராக ரோஜாப்பூவின் முன்னால் வந்து நின்றார். கீழே இருந்ததை எழுத்துக்கூட்டாத குறையாக நிதானமாகப் படித்தார்.

"கவுச்சி திங்கறதையும் தின்னுபோட்டு, வெக்கத்தப் பாரு கண்ணு இந்த மனுசனுக்கு" என்றார் என்னிடம்.

நான் தேவைக்கு மேலேயே சிரித்தேன். அதற்குள் அத்தையின் விரல் பூவிலிருந்து கீழே இறங்கியது. மாமா அன்று போட்டிருந்தது தொழிலுக்கென்று அச்சடித்த டீ-சர்ட். நெஞ்சில் கொட்டை எழுத்தில் ரிக்கின் பெயர், அதற்குக் கீழே அவருடைய செல் நம்பர். அந்த டீ-சர்ட்டை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் படிப்பதில்லை. அதைப் போட்டுக்கொண்டு தூங்குவோம், பழசானால் வண்டி துடைப்போம். எனக்கும் மாமாவுக்கும் கடைசிவரை அதில் எழுத்து இருப்பதாகவே படவில்லை.

அத்தை சத்தம் போடவில்லை. பேராசிரியையிடம் போய், தன் போனில் சார்ஜ் இல்லை, ஒரு கால் பேசிக்கொள்ளலாமா என்று கேட்டார். படத்தைப் பார்த்து நம்பரை ஒவ்வொன்றாக வாசித்தார். பேராசிரியையே அமுக்கி, ஸ்பீக்கரையும் போட்டுக் கொடுத்தார்.

"வணக்கமுங்க, சொல்லுங்க" என்றது மாமாவின் வியாபாரக் குரல்.

அத்தை குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார். "ஒரு போர் போடணுமுங்க. ஜேடர்பாளையத்துல, மதகுக்குப் பக்கத்துல."

"நல்லாத் தெரிஞ்ச எடந்தானுங்க."

"தெரியாம இருக்குமுங்களா. புரட்டாசி மூணாஞ் சனிக்கிழமைதான் வந்து நின்னு பாத்துட்டுப் போயிருக்கறீங்களே."

அந்தப் பக்கம் ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர் நின்றது.

"சாமி பக்கத்துல இருக்குதுங்களா?" என்றார் மாமா, மிக மெதுவாக.

"இருக்குதுங்க. வரும்போது மீன் வாங்கிட்டு வாங்க. நாலு பேருக்குத் தாராளமா வரட்டும்" என்று சொல்லிவிட்டு, அத்தை போனைத் துடைத்துப் பேராசிரியையிடம் கொடுத்தார்.

புரட்டாசி முடிந்துவிட்டதால் வேண்டுதல் தடையில்லை. மாமா வாங்கி வந்தார். அத்தை கைமணத்தில் குழம்பு தெருமுனை வரைக்கும் மணத்தது. அம்மாவுக்கும் எனக்கும் தலைத்துண்டாகப் பார்த்துப் பார்த்துப் போட்டார். மாமாவின் தட்டில் தயிர்ச்சோறு விழுந்தது. அவர் தட்டையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வண்டி இன்னும் வடக்கதானுங்களே இருக்குது" என்றார் அத்தை. "அது வந்து சேரட்டும்."