பன்வில எல்லைக்குள் நிற்கும் ரதி, வளாகத்தில் நடந்த பரீட்சை

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு நடன மாணவன் பிரதீபன் செய்முறைப் பரீட்சைக்குச் சமுகமளிக்கவில்லை என்றுதான் இன்றுவரை பதிவில் இருக்கிறது. இன்று காலை தொலைபேசியில் இதை உறுதிசெய்தவர் அவனுடைய விரிவுரையாளர் தர்ஷினி. பரீட்சைப் பாடம் காமன் கூத்து. அவன் வராததற்கும் காரணம் காமன் கூத்துதான்.

இதைப் புரிந்துகொள்ளத்தான் போன சனிக்கிழமை தர்ஷினியோடு பன்விலவில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். போய்வந்த பிறகு முன்பைவிடக் குழம்பியிருக்கிறேன்.

கண்டியிலிருந்து வத்தேகம வழியாகப் பஸ். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்தது. மடவளையில் நெரிசல் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரரான தர்ஷினி வழியில் விளக்கினார். வெள்ளைக்காரர் காலத்து மேடை, கண்ணாடி, பார்வையாளருக்கென்று ஒரு 'முன்பக்கம்' எல்லாவற்றையும் நடனக் கல்வியிலிருந்து கழற்றவேண்டும் என்று அவருடைய துறை ஒரு புதிய பாடத்தைத் தொடங்கியது. மாணவர்கள் ஒரு கூத்தை அது நடக்கும் இடத்திலேயே போய்க் கற்கவேண்டும்.

"தோட்டத்தில போய்ப் பழகுங்கோ எண்டு சொன்னதே நான்தான். காப்புக் கட்டினா எல்லை தாண்டேலாது எண்டதை யோசிக்கேல்லை."

பன்வில டவுனில் பிடித்த ஆட்டோக்காரர் அறுநூறு ரூபாய் கேட்டார். "கூத்துப் பாக்கவா சார்? அப்ப இன்னைக்குச் சீக்கிரம் திரும்பமாட்டீங்க" என்று சிரித்தார்.

பிரதீபன் இந்தத் தோட்டத்துப் பிள்ளை. சிவன் மன்மதனை எரிக்கும் கதையில் அவனுக்கு ரதி வேடம். கம்பம் ஊன்றிக் கையில் காப்புக் கட்டியதிலிருந்து கூத்து முடியும்வரை அவன் தோட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. பரீட்சையோ அந்த நாட்களுக்குள்தான் வந்தது, அதுவும் வளாகத்தில்.

அவனை அங்கேயே பரீட்சிக்கலாமா என்று தர்ஷினி கேட்டார். கூத்து மாஸ்டர் ராமையா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"டீச்சர், பாக்க வந்தீங்களா, மார்க்குப் போட வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான் ஐயா."

"பாக்கன்னா இந்தச் சாக்குல ஒக்காருங்க. மார்க்குன்னா யாருக்குப் போடுவீங்க? ஆடுறது ரதி. அவளுக்கு எந்தக் கெம்பஸ்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கண்டியில் புடவைக் கடையில் வேலை செய்யும் பிரதீபனின் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"ரதிக்கு டீச்சர் வேல யாரு மாஸ்டர் குடுப்பா? இவனுக்குத்தான வேணும்! ஒரு நாளைக்குக் காப்பக் கழட்டி வச்சிட்டுப் போய்ட்டு வாடான்னா கேக்குறானா?"

"கழட்டிட்டு ஆடினா அது கூத்தில்லக்கா, டான்ஸ். அதுக்கு வேற பேப்பர் இருக்கு" என்றான் பிரதீபன். பிறகு தர்ஷினியிடம் குரலைத் தாழ்த்தி, "பாஸும் வேணும் மேடம்" என்றான்.

"நீர் சொல்லுறது எனக்கு விளங்குது. அதுதான் பிரச்சினை."

மாலையில் கம்பத்தைச் சுற்றி ஆடினான். நாலு பக்கமும் சனம். நான் நின்ற இடத்திலிருந்து பாதி நேரம் அவன் முதுகுதான் தெரிந்தது. தர்ஷினியும் முகத்தைப் பார்க்க இடம் மாறிக்கொண்டே இருந்தார். அவர் நகரும்போதெல்லாம் அவன் வேறு பக்கம் திரும்பினான். கடைசியில் பேனாவை மூடிவிட்டுச் சாக்கில் உட்கார்ந்துகொண்டார்.

மேடையை எடுத்தவர்கள் பரீட்சையை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்று எழுத நினைத்தேன். பரீட்சையையும் எடுத்துவிட்டால் அந்த அக்காவுக்கு யார் பதில் சொல்வது? மாஸ்டர் சொன்னது சரி. அக்கா சொன்னதும் சரி. வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு ஒரு கருத்து இருக்கும். இந்த முறை இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: காமன் கூத்து மாசி, பங்குனியில் நடக்கும். எந்த நாள் என்பதைத் தோட்டத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பத்தருகே செருப்பு வேண்டாம், வேடம் போட்டவர்களை நிறுத்திப் படம் எடுக்கவும் வேண்டாம். மாலையில் குளிரும். திரும்பும் பஸ்ஸை டவுனில் இறங்கும்போதே விசாரித்துவிடுங்கள். நாங்கள் விசாரிக்காமல் வத்தேகமவரை ஆட்டோவில் வந்தோம்.

தோட்டத்திலேயே பரீட்சை வைக்கும் கோரிக்கை வரும் வியாழக்கிழமை பரீட்சைச் சபைக்குப் போகிறது. அன்று மாலைக்குள் முடிவு தெரியும் என்கிறார் தர்ஷினி. சம்மதித்தால், விதிப்படி வேண்டிய இரண்டாவது பரீட்சகரும் சனிக்கிழமைக்குள் பன்விலவுக்கு வந்தாகவேண்டும். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. ஞாயிறு கூத்தின் முடிவில் காமன் எரிந்ததும் காப்பை அவிழ்ப்பார்கள். திங்கட்கிழமை பிரதீபன் வளாகத்துக்கு வரலாம். ஆனால் ரதி வேடத்தை அடுத்த மாசிவரை போடமாட்டான்.