பாகு காய்ச்சும் வெர்லின்

"நாப்பது வாளி சாறு வத்துனாத்தான் ஒரு வாளி பாகு. சும்மா வந்துடுமா?" என்று அகன்ற சட்டிக்கு மேலே கரண்டியை ஆட்டிக் கேட்கிறார் வெர்லின். பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சிப் பாகெடுக்கும் இயற்கை மையத்து மேப்பிள் திருவிழாவில் அடுப்பு அவர் பொறுப்பு. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். குழாய் வேலையில் தொடங்கி ஊரில் பாதி வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர். இந்தச் சட்டியும் அவர் பற்றவைத்துச் செய்ததுதான். கையை நம்பி மேலே வந்தவர் நாலு வார்த்தை பேசத்தான் செய்வார், பேசினால் என்ன? நுரை பொங்கினால் வெண்ணெயில் ஒரு கிள்ளு போடுவார், அடங்கிவிடும். "நான் மொறைச்சாலே அடங்கிடும். வெண்ணெய் சும்மா பேருக்கு!"

போன வருடம் அந்தப் பேச்சுதான் அவரைக் கவிழ்த்தது. கதையில் மூழ்கியிருந்தபோது சாறு வற்றி அடி தீய்ந்துவிட்டது. மேப்பிள் திருவிழாவில் பான்கேக்குக்குக் கடைப் பாகு ஊற்றினார்கள்! மறுபடி தீய்ந்தால் அடுப்பு வேறு ஆளுக்கு என்று மையத்துத் தலைவி பெத்தனி சொல்லிவிட்டாள். இந்த முறை வெயில் முந்திக்கொண்டதால் மரங்களும் சாறு சுரப்பதைச் சீக்கிரமே நிறுத்திவிட்டன. சட்டியில் கொதிப்பதுதான் மொத்தச் சாறும்.

மனைவி நெடா விறகுக் குவியல்மேல் உட்கார்ந்து காவல் காக்கிறாள்.

"கதை போதும், சட்டியப் பாருங்க."

"பாத்துட்டுத்தானே இருக்கேன்? வாய் பேசுனா கண்ணு அவிஞ்சா போகும்?"

"போன வருஷம் அவிஞ்சுதே!"

கூட்டம் சிரிக்கிறது. சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர், "இந்தச் சட்டி யாரு செஞ்சது, பெரியவரே?" என்கிறார்.

வெர்லின் வாயைத் திறக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கொதியின் ஓசை தடிக்கிறது; நுரை விளிம்புவரை ஏறுகிறது. திறந்த வாய் மூடிக்கொள்கிறது. வெண்ணெய் விழுகிறது, நுரை இறங்குகிறது. கரண்டியில் மொண்டு சாய்க்கிறார். பாகு சொட்டாமல், விளிம்பில் ஏடாகக் கூடித் தொங்குகிறது.

"பதம்! பிடி, நெடா, பிடி!"

இருவருமாகச் சட்டியைக் கீழே இறக்குகிறார்கள். பொன்னிறம். கருகல் வாடையே இல்லை. பெத்தனி சுடச்சுட ஒரு பான்கேக்கை நனைத்துக் கடித்து, கண்ணை மூடுகிறாள். "தப்பிச்சீங்க, வெர்லின். அடுத்த வருஷமும் நீங்கதான்!"

நெடா பெருமூச்சு விட்டு, பாகு சொட்டும் பான்கேக் ஒன்றைச் சுருட்டி அவர் வாய் நிறையத் திணிக்கிறாள்.

"யாரு செஞ்சதுன்னு கேட்டேனே?" என்கிறார் சிவப்புச் சட்டைக்காரர்.

வெர்லினால் பேச முடியவில்லை. பிசுபிசுத்த கட்டைவிரலைத் தன் நெஞ்சில் குத்திக் காட்டுகிறார்.