கால்வாயில் சூரியனை அளந்தவர்

ஓக்லா கால்வாயின் கழிவுநீர் நுரைக்கு நடுவே சின்னப் பாய்மரப் படகு ஓட்டிக்கொண்டிருந்தார், மாஸ்க்குக்கு மேலே கண்கள் சிவந்த ஒரு முன்னாள் கப்பல் கேப்டன். ஒரு ஞாயிறன்று என்னையும் ஏற்றிக்கொண்டார். கரைகள் தொடுவானத்தை மறைத்ததால், அவ்வப்போது படகைக் கட்டிவிட்டு, தட்டில் எண்ணெய் ஊற்றி, அதில் தெரிந்த அழுக்குச் சூரியனுக்கும் வானத்துச் சூரியனுக்கும் இடையிலான கோணத்தை செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து, நாங்கள் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டார்.

“ஜிபிஎஸ் இருக்கே அங்கிள்?”

“அத நம்பித்தான் தம்பி கப்பலப் பாறையில ஏத்துனேன். அது காட்டுன எடத்துல நாங்க இல்ல. ரெண்டு பசங்க செத்துட்டாங்க. அன்னிக்கு சூரியன் பளிச்சுன்னுதான் இருந்துச்சு. நான் நிமிந்து பாக்கல.”

கணக்கை முடித்தார். என் ஃபோனும் ஏறக்குறைய அதே இடத்தைத்தான் காட்டியது.

“அச்சா, கரெக்டா இருக்கு அங்கிள்!”

ஃபோனை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. போட்ட கணக்கை அடித்துவிட்டு, மறுபடி தட்டின் முன் குனிந்தார்.