ஜன்னலுக்குக் கீழே நிற்பவள்

காஞ்சிபுரம் பஸ் நிலையம். லீவு முடிந்து பட்டாளத்துக்குத் திரும்புகிற ஒருவர் சென்னை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய நிறைமாத மனைவி ஜன்னலுக்குக் கீழே நிற்கிறாள். இந்த வெயிலில் மயங்கி விழுந்துவிடுவாளோ என்று பக்கத்தில் நிற்கிற எனக்குப் படபடப்பாக இருக்கிறது.

அவர்களை அழைத்துவந்த ஆட்டோக்காரரிடம் அவர் சொல்கிறார்: "மாமா, ராத்திரியில போன ஆஃப் பண்ணிடாதீங்க."

"நீ அங்க முழிச்சிக்கினு இருப்ப, நான் இங்க தூங்குவனா? வலி வந்தா நேரா ஆஸ்பத்திரிதான். தைரியமா போய்ட்டு வாப்பா."

பஸ் கிளம்புகிறது. அவள் அழவில்லை. பஸ் திரும்பி மறைந்த பிறகும் கையை இறக்கவில்லை.

அந்தப் பட்டாளத்துக்காரருக்கு ஒரு நன்றி சொல்ல நினைத்தேன், அதற்குள் பஸ் போய்விட்டது. ஆட்டோக்காரரிடம்தான் பேச்சுக் கொடுக்கிறேன்.

"நீங்க சொந்தமாங்க?"

"இல்ல சார், பக்கத்துத் தெரு. அவன் ஊருக்கெல்லாம் காவல் நிக்கிறான். அவன் வூட்டுக்கு யாரு நிக்கிறது? பேசிக்கினே இருக்கீங்களே, ஆட்டோவுக்கு முன்னால நிக்கிற அந்த பைக்க கொஞ்சம் தள்ளுங்க. பொண்ணு குலுங்காம போவணும்."

பைக்கைத் தள்ளுகிறேன். பைக்குக்காரர் வந்து திட்டுவாரோ என்று பயம்தான். இருந்தாலும் அடுத்ததையும் தள்ளிவிட்டு, அவளை ஏற்றிக்கொண்டு ஆட்டோ ரோட்டில் ஏறும்வரை அதற்கு முன்னாலேயே நடக்கிறேன்.